ஆட்டம் அமைத்த அம்மையாரும் ஐந்நூறு டாலரும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

கோடை விடுமுறையின்போது ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவு உற்பத்தி, விற்பனைச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நூல் இருப்பு, சேலை இருப்பு, கூலிப் பட்டுவாடா, ரொக்கக் கையிருப்பு ஆகியவற்றைப் பேரேட்டுடன் ஒப்பிட்டு முடிப்பதற்குள் உச்சிவேளை ஆகிவிட்டது. சங்கக் கட்டிடத்தின் திண்ணையில் நான்கு சிறுவர்கள் ஓர் அட்டையை விரித்துப் பகடை உருட்டிக்கொண்டிருந்தனர். உள்ளே நாம் மெய்யான நோட்டுகளை எண்ணிக்கொண்டிருக்க, வெளியே அவர்கள் விளையாட்டு நோட்டுகளைக் கத்தை கத்தையாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். "பம்பாய் என்னுடையது, வாடகையை எடு" என்று ஒரு சிறுவன் அதட்டினான். இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு மற்றொருவன் எழுந்து போய்த் தூணில் சாய்ந்துகொண்டான்.

நம் அருகில் நின்றிருந்த முதிய அங்கத்தினர் ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்தார். "ஐயா, இந்த ஆட்டத்தைக் கட்டினவன் யாரோ, உலகத்தை நன்றாகப் பார்த்தவன்தான். எல்லாம் ஒருத்தன் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஆட்டம் முடிகிறது, கவனித்தீர்களா?" என்றார். நாமும் எப்போதோ படித்த நினைவில், "அமெரிக்காவில் வேலை இழந்த ஒருவர், பஞ்ச காலத்தில் வீட்டில் உட்கார்ந்து சிந்தித்துக் கண்டுபிடித்தது, அதனால் பெருஞ்செல்வரும் ஆனார்" என்று விடை சொன்னோம்.

பெரியவர் விட்டபாடில்லை. "அப்படியானால் ஒரு சின்ன யோசனைக்குக்கூட விலை உண்டு என்றுதானே ஆகிறது?" என்று கேட்டபடி, மடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். தம் வீட்டில் தார் சுற்றும் மோட்டார் ராட்டைக்கு அவர் ஒரு சிறு கருவி பொருத்தியிருக்கிறார். சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்றை வளைத்து, ஓடும் நூலின்மீது தாங்கி நிற்குமாறு வைத்திருக்கிறார். நூல் அறுந்தால் கம்பி கீழே விழும். விழுகிற கம்பி மின் விசையைத் தள்ளும். ராட்டை தானே நின்றுவிடும். இதைக் கண்ட நூல் வியாபாரி ஒருவர், 10,000 ரூபாய் தருவதாகவும், கருவியின்மேல் உள்ள எல்லா உரிமைகளையும் என்றென்றைக்குமாக விட்டுக்கொடுத்து அத்தாளில் கையொப்பமிட வேண்டுமென்றும் கூறியிருக்கிறார். இடலாமா, கூடாதா என்பதே பெரியவரின் கேள்வி.

ஒரு வாரம் பொறுத்திருக்கும்படி சொல்லிவிட்டு வந்தோம். வந்த பிறகு அந்த ஆட்டத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான், நாம் சொன்ன விடை முற்றிலும் பிழையென்பது தெரிந்தது. கணக்கைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், ஒரு கதையைச் சரிபாராமல் சொல்லிவிட்டோம். அப்பிழையைத் திருத்துவதற்காகவே இக்கட்டுரை. அங்கத்தினர் பலருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம்.

சுருக்கெழுத்தரின் முதற் காப்புரிமை

எலிசபெத் மேகி என்பது அந்த அம்மையாரின் பெயர். லிஸ்ஸி என்று அழைப்பார்கள். 1866-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மக்கோம் என்னும் ஊரில் பிறந்தவர். தந்தையார் ஜேம்ஸ் மேகி பத்திரிகை நடத்தியவர். அடிமை முறையை எதிர்த்தவர். ஆப்ரகாம் லிங்கன் இல்லினாயில் ஊர் ஊராகச் சென்று சொற்போர் புரிந்த நாட்களில் அவருடன் சென்றவர். அவரே தம் மகளுக்கு ஹென்றி ஜார்ஜ் என்பாரின் "முன்னேற்றமும் வறுமையும்" என்ற நூலை அறிமுகப்படுத்தினார். 1879-ல் வெளிவந்த அந்நூலின் சாரத்தை நம் அங்கத்தினருக்குச் சொல்லுவது கடினமன்று. ஓர் ஊரில் சாலை வருகிறது, பள்ளி வருகிறது, சந்தை கூடுகிறது. உடனே அங்குள்ள காலி மனையின் விலை ஏறுகிறது. மனைக்காரர் அதற்காக மண்வெட்டியைத் தொட்டதுமில்லை. ஊரார் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிய அம்மதிப்பு ஊருக்கே வரியாகத் திரும்ப வேண்டும். உழைப்பின்மேலும் உற்பத்தியின்மேலும் வரி வேண்டாம் என்பதே ஜார்ஜின் வாதம்.

லிஸ்ஸி மேகி வாஷிங்டன் நகரில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்தார். உரியவரிடம் சேர்க்க இயலாத கடிதங்களைக் கையாளும் அஞ்சல் அலுவலகத்திலும் பணியாற்றினார். பகல் முழுவதும் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்தவர்க்கே அதன் குறை தெரியும். பொறியின் உருளைகளினூடே காகிதம் எளிதில் செல்லும்படி ஓர் அமைப்பைச் செய்து, 1893-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. பெண்கள் பெயரில் காப்புரிமைகள் மிக அரிதாகவே பதிவான காலம் அது. அவருக்குப் பின்னால் ஆலையோ முதலாளியோ இல்லை; தம் கைவேலையில் கண்ட இடையூற்றைத் தாமே நீக்கிக்கொண்டவர். நம்முடைய பெரியவரின் ஸ்போக் கம்பியும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

நிலக்கிழார் ஆட்டம்

ஜார்ஜின் கொள்கையை மாலை வேளைகளில் பிறருக்குப் போதிக்க முயன்ற அம்மையார், பேச்சைக் காட்டிலும் விளையாட்டு விரைவில் மனத்தில் பதியும் என்று கண்டார். 1903-ஆம் ஆண்டு மார்ச் மாதம் விண்ணப்பித்து, 1904-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் "லாண்ட்லார்ட்ஸ் கேம்", அதாவது நிலக்கிழார் ஆட்டம், என்னும் பெயரில் 7,48,626 என்ற எண்ணுள்ள காப்புரிமையைப் பெற்றார்.

அட்டையின் வடிவத்தைச் சொன்னால் திண்ணைச் சிறுவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். சதுரமான பலகை, ஓரத்தைச் சுற்றிக் கட்டங்கள், கட்டங்களில் விலைக்கும் வாடகைக்கும் நிலங்கள், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஓர் இரயில் பாதை. ஒரு சுற்று முடித்து "பூமித்தாய்" என்ற மூலையைக் கடப்பவர், அன்னையாகிய மண்ணின்மீது உழைத்தவராகக் கருதப்பட்டு 100 டாலர் கூலி பெறுவார். மற்றொரு மூலை பொதுப் பூங்கா. அங்கேயே கையில் காசற்றவர்க்கு ஏழை விடுதியும் உண்டு. அயல்நாட்டுப் பிரபு ஒருவர் பயன்படுத்தாமல் வேலி கட்டி வைத்திருக்கும் நிலத்தில் கால் வைத்தவர் நேரே சிறைக்குப் போக வேண்டும்.

ஆட்டத்துக்குப் பின்னர் இருவகை விதிகள் ஏற்பட்டன. ஒன்றில், நிலத்தை வளைத்துக்கொண்டவர் வாடகையால் மற்றவர்களை ஒவ்வொருவராக ஒழித்துக்கட்டுவார். மற்றதில் நில வாடகை பொதுக் கருவூலத்துக்குச் செல்லும். அதைக்கொண்டு பொதுவசதிகள் எல்லோர்க்கும் உரியனவாகும். ஒருவர் வளர்ந்தால் யாவரும் வளர்வர். பிற்காலப் பதிப்பு ஒன்றில், மிகக் குறைந்த பணத்தோடு தொடங்கியவர் அதை இருமடங்காக்கும்போது எல்லோருமே வென்றதாக ஆட்டம் முடியும் என்று விதி வகுத்திருந்தார். ஒரே அட்டையில் இரு முறைகளையும் ஆடிப் பார்த்தவர்கள், எம்முறை நல்லது என்று தாமே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்பது அம்மையாரின் எண்ணம். கூட்டுறவாளராகிய நமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆட்டம் 1906-ல் நியூயார்க்கில் ஒரு சிறு கம்பெனியின் வாயிலாக விற்பனைக்கு வந்தது. அம்மையாரும் அதில் ஒரு பங்காளி. ஆயினும் வருவாய் பெரிதாக இல்லை. அதே ஆண்டில் சிகாகோவில் வாரம் 10 டாலர் சம்பளத்தில் வாழ முடியாத நிலையில், தம்மையே ஓர் "அடிமை"யாக ஏலத்துக்கு விடுவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். உழைக்கும் பெண்ணின் கூலி எவ்வளவு இழிவானது என்று ஊரார் உணர வேண்டுமென்பதே அதன் நோக்கம். நாடெங்கும் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதின.

ஊர் ஊராய்ப் போன அட்டை

அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை 17 ஆண்டுகளுக்கே செல்லும். 1921-ல் அது காலாவதியாயிற்று. திருத்திய ஆட்டத்துக்காக அம்மையார் மறுபடியும் விண்ணப்பித்து, 1924-ல் இரண்டாவது காப்புரிமை பெற்றார்.

அதற்குள் அட்டை கடை வழியாக அன்றிக் கை வழியாகப் பரவிவிட்டது. டெலவேர் மாநிலத்தில் ஜார்ஜின் கொள்கைப்படி அமைந்த ஆர்டன் என்னும் குடியிருப்பில் அதை ஆடினார்கள். ஸ்காட் நியரிங் என்ற பொருளாதார ஆசிரியர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மாணவர்க்கு அதைக் கற்பித்தார். மாணவர் துணியிலும் அட்டையிலும் தாமே வரைந்துகொண்டு, தத்தம் ஊர்த் தெருப்பெயர்களை எழுதிக்கொண்டார்கள். அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை நகரில் குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த ஆசிரியர்களும் அவர்தம் நண்பர்களும் தங்கள் நகரின் தெருக்களையே கட்டங்களில் இட்டு ஆடினர். ஆனால் இந்தப் பயணத்தின்போது ஒன்று உதிர்ந்துவிட்டது: எல்லோரும் வாழும் இரண்டாவது விதி. ஒருவரே எஞ்சும் முதல் விதிதான் சூடாக இருந்தது போலும், அதுவே நிலைத்தது. ஆட்டத்தையும் மக்கள் "மோனோபலி", அதாவது ஏகபோகம், என்றே அழைக்கலாயினர்.

ஆட்டங்கள் இப்படி நடைபயணம் செய்வது நமக்குப் புதிதன்று. நம் பரமபத அட்டை கடல் கடந்து, ஆங்கிலச் சிறுவரின் பாம்பும் ஏணியும் ஆயிற்று. வடநாட்டுப் பச்சீசி இங்கிலாந்தில் "லூடோ" என்று பெயர் மாறி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே காப்புரிமையும் பெற்று, நம் கடைகளுக்கே திரும்பி வந்து விலைக்கு நின்றது. பச்சீசியை முதலில் ஆடிய பாட்டனார் எவர்க்கும் அதனால் ஒரு காசு கிட்டியதில்லை.

ஐந்நூறு டாலர்

1929-க்குப் பின் அமெரிக்காவில் பெரும் பஞ்சம் வந்தது. பிலடெல்பியாவில் சார்லஸ் டாரோ என்பவர் விற்பனையாளர் வேலையை இழந்திருந்தார். 1932-ல் நண்பர் ஒருவர் வீட்டில் அட்லாண்டிக் சிட்டி அட்டையில் இந்த ஆட்டத்தை ஆடினார்; விதிகளை எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு ஓவியர் ஒருவர் உதவியால் அட்டையைக் கண்ணுக்கு அழகாக அமைத்து, தம் பெயரிலேயே விற்கத் தொடங்கினார். நண்பரின் அட்டையில் "மார்வென் கார்டன்ஸ்" என்ற இடப்பெயர் "மார்வின் கார்டன்ஸ்" என்று பிழையாக எழுதப்பட்டிருந்தது. டாரோவின் அட்டையிலும் அப்பிழை அப்படியே வந்தது. தணிக்கை செய்பவர்களுக்கு இது பழகிய சங்கதி: இரு பேரேடுகளில் ஒரே கூட்டல் பிழை இருந்தால், ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியது என்று அறியலாம்.

பார்க்கர் பிரதர்ஸ் என்ற பெரிய கம்பெனி 1934-ல் டாரோவின் ஆட்டத்தை மறுத்தது. விற்பனை பெருகுவதைக் கண்டு 1935-ல் விலைக்கு வாங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 31-ஆம் நாள் டாரோ பெயரில் காப்புரிமையும் வழங்கப்பட்டது. விற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவருக்குப் பங்குத்தொகை கிடைத்தது. அவர் இலட்சாதிபதியாய் வாழ்ந்து 1967-ல் மறைந்தார்.

எனினும் அம்மையாரின் 1924-ஆம் ஆண்டுக் காப்புரிமை உயிரோடிருந்தது. அது இருக்கும்வரை கம்பெனிக்கு நிம்மதியில்லை. கம்பெனியின் முதியவரான ஜார்ஜ் பார்க்கர் 1935-ல் அம்மையாரை நாடிச் சென்றார். 500 டாலர் ரொக்கம், பங்குத்தொகை இல்லை. அம்மையாரின் வேறு ஆட்டங்களையும் கம்பெனி வெளியிடும் என்ற நம்பிக்கை. தம் கொள்கை இனி நாடெங்கும் பரவும் என்று மகிழ்ந்து, அறுபத்தொன்பது வயதான அம்மையார் இசைந்தார்.

சில வாரங்களில் உண்மை விளங்கிற்று. கடைகளில் குவிந்த பெட்டிகளில் டாரோவின் புகழ் இருந்தது. அம்மையாரின் பெயர் இல்லை. அவருடைய கொள்கையும் இல்லை. 1936-ஆம் ஆண்டு ஜனவரியில் வாஷிங்டன் பத்திரிகை ஒன்றில், தம் பழைய அட்டைகளை இரு கைகளிலும் ஏந்தியவாறு படம் வெளியிட்டு அவர் முறையிட்டார். பயன் ஏதும் விளையவில்லை. வாக்களித்தபடி கம்பெனி அவருடைய நிலக்கிழார் ஆட்டத்தையும் வேறிரு ஆட்டங்களையும் வெளியிட்டது. ஆனால் அவை விலைபோகவில்லை. 1940-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் தொழில் "ஆட்டங்கள் செய்பவர்" என்று அவர் பதிந்தார். வருமானம் என்ற கட்டத்தில் பதிவானது பூஜ்யம். 1948-ல் அவர் காலமானபோது அவருடைய கண்டுபிடிப்பைப் பற்றி உலகம் ஒரு சொல்லும் பேசவில்லை.

நீதிமன்றத்தில் வெளிவந்த உண்மை

ஏகபோகத்தை எதிர்க்க எழுந்த ஆட்டம் ஒரு கம்பெனியின் ஏகபோகமாய் முடிந்தது. அதை வெளிப்படுத்தியவர் சான் பிரான்சிஸ்கோவில் பொருளாதாரம் கற்பித்த ரால்ப் ஆன்ஸ்பாக். அவர் 1973-ல் "ஆன்டி மோனோபலி" என்று ஓர் ஆட்டத்தை வெளியிட, பெயர் தங்களுடையது என்று கம்பெனி தடுத்தது. வழக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடந்தது. 1977-ல் தீர்ப்பொன்று எதிராக வந்தபோது, ஏறத்தாழ 40,000 பெட்டிகள் மின்னசோட்டா மாநிலத்தில் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. அவர் தளரவில்லை. வழக்குக்காகப் பழைய பதிவுகளைத் துருவியபோது மேகி அம்மையாரின் காப்புரிமைகள் கிடைத்தன. டாரோவுக்கு முன்பே அந்த ஆட்டத்தை ஆடிய முதியவர்கள் சாட்சி சொல்ல வந்தார்கள். மேல்முறையீட்டில் ஆன்ஸ்பாக் வென்றார். 1983-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பில் தலையிட மறுத்தது. காப்புரிமைப் பதிவேட்டில் எழுதி வைத்த தாள்கள்தான், எழுதியவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின் அவருக்காகப் பேசின.

இங்கே நாம் நடுநிலை தவறலாகாது. டாரோவின் கணக்கிலும் வரவு உண்டு: அட்டையின் அழகும், பஞ்ச காலத்தில் கைப்பொருளை இட்டு விற்ற துணிவும் அவருடையவை. அட்லாண்டிக் சிட்டி நண்பர்களுக்கும் வரவு உண்டு: தெருப்பெயர்களும் சில விதித் திருத்தங்களும் அவர்களுடையவை. மேகி அம்மையாரே ஜார்ஜின் நூலுக்குக் கடன்பட்டவர். பல கைகள் சேர்ந்தே ஒரு பொருள் உருவாகிறது. ஒருவர் மற்றெல்லோர் வரவையும் தம் பெயரில் எழுதிக்கொண்டதும், பணபலம் உள்ள ஸ்தாபனம் அதற்கு முத்திரை இட்டதுமே குற்றம்.

நெசவாளர் அறிய வேண்டிய பழைய வழக்கு

காப்புரிமைத் தாள் மட்டும் போதாது என்பதற்கு நம் தொழிலிலேயே சான்று உண்டு. இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த பரி என்னும் ஊரில் பிறந்த ஜான் கே என்பவர், 1733-ல் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். கயிற்றை இழுத்தவுடன் பாய்ந்தோடும் நாடா இன்றும் நம் கைத்தறிகளில் ஓடுவது அவர் வழிவந்ததே. அகலத் துணிக்கு இரு நெசவாளர் வேண்டியிருந்த இடத்தில் ஒருவரே போதும் என்றாயிற்று. துணி முதலாளிகள் நாடாவை எடுத்துக்கொண்டார்கள், கட்டணம் தரவில்லை. அவர் வழக்குத் தொடுத்தபோது, "ஷட்டில் கிளப்" என்று ஒரு சங்கம் கூட்டி, வழக்குச் செலவைப் பொதுநிதியிலிருந்து பகிர்ந்துகொண்டார்கள். வழக்காடியே பொருளிழந்த கே, 1747-ல் நாட்டை விட்டுப் பிரான்சுக்குப் போனார்.

அந்தப் பரி ஊருக்குப் பக்கத்து ஊர்தான் ராச்டேல். 1844-ல் 28 உழைப்பாளிகள் ஒன்றுகூடி நம் இயக்கத்தின் முன்னோடிக் கடையைத் தொடங்கியது அங்கேதான். ஒரே வட்டாரத்தில், ஒரு நூற்றாண்டு இடைவெளியில், இருவகைக் கூட்டு! ஒன்று கண்டுபிடித்தவரை ஏமாற்றக் கூடியது. மற்றது எளியவர் ஒருவரையொருவர் தாங்கக் கூடியது. கூடுவது மட்டுமே கூட்டுறவு ஆகிவிடாது.

நல்ல முடிவுக்கும் அண்மையில் ஓர் உதாரணம் உண்டு. தெலங்கானாவில் போச்சம்பள்ளிச் சேலை நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்த சிந்தகிந்தி மல்லேசம், ஊடை நூலை வரிசையான முளைகளில் ஆயிரக்கணக்கான முறை கையால் சுற்றித் தோள்வலியால் தம் தாயார் துன்புற்றதைக் கண்டு, அவ்வேலையைச் செய்யும் "ஆசு" இயந்திரத்தை 1999-ல் உருவாக்கினார். காப்புரிமையும் பெற்றார், 2017-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அந்த இயந்திரத்துக்கு அவர் இட்ட பெயர் தம் தாயாரின் பெயரான லட்சுமி.

நமது சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் வழங்குகிறது. அங்கத்தினர் மனத்தில் கொள்ள வேண்டியவை சில.

முதலாவது, புதுமை. உலகில் எங்கும் ஏற்கெனவே வெளிப்படாததாக இருத்தல் வேண்டும். ஆகவே கண்டுபிடித்ததைச் சந்தையிலும் கண்காட்சியிலும் காட்டிவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்றிருப்பது ஆபத்து. கருவி முழுமையடையாவிடினும் முதலில் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து நாளைப் பதிவு செய்துகொள்ளலாம். பன்னிரண்டு மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தர வேண்டும். காப்புரிமை கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குச் செல்லும். அதை உயிரோடு வைத்திருக்க அவ்வப்போது கட்டணம் செலுத்த வேண்டும். சென்னையிலேயே இதற்கு அலுவலகம் உண்டு.

இரண்டாவது, எல்லாவற்றுக்கும் காப்புரிமை இல்லை. ஆட்டம் ஆடும் முறைக்கு நம் சட்டத்தில் இடமில்லை. மேகி அம்மையார் இன்று இங்கு வந்து விண்ணப்பித்தால் மறுப்பே கிடைக்கும். விவசாய முறைகளுக்கும் அவ்வாறே. ஆனால் விவசாயி செய்த விதைக்கும் கருவி விண்ணப்பத்துக்கு உரியது. அவர் பேணி வளர்த்த பயிர் வகைக்கு 2001-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி பதிவு உண்டு. சேலையின் புதிய கரை வடிவத்தை 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதியலாம். பத்து ஆண்டுகள், மேலும் ஐந்து ஆண்டுகள் காப்பு உண்டு. ஊருக்கே உரிய சரக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு. காஞ்சிபுரம் பட்டு அவ்வாறு பதிவு பெற்றது. அந்த உரிமை தனி ஒருவர்க்கன்று, உற்பத்தி செய்வோர் அனைவர்க்குமாக நிற்பது. நம் இயக்கத்தின் மனப்பான்மைக்கு மிகவும் இசைந்தது அதுவே எனலாம்.

மூன்றாவது, உரிமையை விற்பதும் உரிமம் அளிப்பதும் வேறு வேறு. விற்றால் நிலத்தைக் கிரயம் எழுதிக் கொடுத்தது போல. உரிமம் அளித்தால் குத்தகைக்கு விட்டது போல. நிலம் நம்முடையதாகவே இருக்கும். மேகி அம்மையார் செய்தது முதலாவது.

பெரியவரின் விடை

சொன்னபடி அடுத்த வாரம் சங்கத்துக்குச் சென்றோம். ஆட்டத்தின் உண்மைக் கதையை நிர்வாகக் குழுவின் முன்னிலையில் பெரியவரிடம் சொல்லி, முன்பு தவறாகச் சொன்னதற்கு வருத்தமும் தெரிவித்தோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, நானும் உங்களிடம் ஒன்றைத் தவறாகத்தான் சொன்னேன். கம்பியை வளைத்தது நான். ஆனால் நூல் அறுந்தால் ராட்டை நிற்க வேண்டும், நூலே கம்பியைத் தாங்கட்டும் என்று சொன்னது வீட்டில் தார் சுற்றுகிறவள். நாற்பது வருஷமாய்ச் சுற்றுகிறாள். வியாபாரி கொண்டுவந்த தாளில் அவள் பெயர் இல்லை, எனக்கும் அது தோன்றவில்லை" என்றார்.

அம்மையாரை வரவழைத்தோம். கருவியை அவரே இயக்கிக் காட்டினார். நூலை விரலால் அறுத்தார், கம்பி விழுந்தது, ராட்டை நின்றது. "ஒரு ஆள் இரண்டு ராட்டை பார்க்கலாம். அறுந்த நூலைத் தேடித் தேடிக் கண் போகாது" என்று சுருக்கமாகச் சொன்னார்.

உள்ளதை உள்ளபடி இருவரிடமும் சொன்னோம். நூல் அறுந்தால் நிற்கும் அமைப்புகள் ஆலை இயந்திரங்களில் நெடுங்காலமாக உள்ளவை. ஆகையால் இவர்கள் செய்ததில் புதிது எது என்று தேர்ந்தவரைக் கொண்டு ஆராய வேண்டும். அக்கம்பக்கத்தார் பலர் ஏற்கெனவே கண்டிருப்பதும் இடையூறாகலாம். காப்புரிமை கிடைக்கும் என்று உறுதி கூற நமக்கு அதிகாரமும் இல்லை, அறிவும் இல்லை. ஆனால் பயனற்ற பொருளுக்கு எந்த வியாபாரியும் 10,000 ரூபாயை மடியிலிருந்து எடுக்கமாட்டார்.

சங்கப் பெயரிலேயே விண்ணப்பித்துவிடலாமே என்று குழு அங்கத்தினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். கண்டுபிடித்தவர் பெயரை மறைத்துச் சங்கம் உரிமை கொண்டாடுமானால், பார்க்கர் கம்பெனிக்கும் நமக்கும் வேற்றுமை என்ன என்று கேட்டோம். குழு ஏகமனதாக முடிவு செய்தது: தேர்ந்தவர் கருத்தைக் கேட்டு, இயலுமாயின் கணவன் மனைவி இருவர் பெயரிலும் விண்ணப்பிப்பது, அதற்கான செலவைச் சங்கம் முன்பணமாகத் தருவது, காப்புரிமை கிட்டினால் சங்கம் உரிமம் பெற்று, செய்யும் ஒவ்வொரு கருவிக்கும் அவர்களுக்குப் பங்குத்தொகை தருவது, கிட்டாவிடினும், சங்கத்தின் பத்து ராட்டைகளில் கருவியைப் பொருத்தி, செய்தவர்களுக்கு உரிய கூலியும் வெகுமதியும் அளித்து, இருவர் பெயரையும் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவது.

அந்த அம்மையார் கையெழுத்திடத் தெரிந்தவர். நடவடிக்கைப் புத்தகத்தில் தம் பெயரை எழுத்துக்கூட்டி எழுதி, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத் தார் சுற்றுவதற்கு எழுந்து போனார். வியாபாரியின் தாளைப் பெரியவர் மறுபடி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அதில் அவர் கையொப்பம் இல்லை.

விண்ணப்பம் என்னவாயிற்று என்பதை முடிவு தெரிந்ததும் இப்பத்திரிகையிலேயே தெரிவிப்போம். இதற்கிடையில், தறியிலோ வயலிலோ இதுபோன்று ஏதேனும் செய்து வைத்திருக்கும் அங்கத்தினர்கள், எவரிடமும் கையொப்பம் இடுமுன் தத்தம் சங்கத் தலைவரையோ செயலாளரையோ ஒருமுறை கலந்துகொள்ளும்படி வேண்டுகிறோம். வரும்போது, அந்த யோசனையில் வீட்டில் வேறு யாருக்குப் பங்கு உண்டு என்பதையும் கேட்டுக்கொண்டு வருக.